இனிஷியல் இல்லாட்டி ஆள் மாறிடும்!

உங்க கிளாஸ்ல எத்தனை கார்த்திக்? எப்படியும் ரெண்டு பேர் இருப்பாங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கிற மேடம் வெறுமனே 'கார்த்திக்'னு கூப்பிட்டா என்ன ஆகும்? ரெண்டு பக்கத்திலிருந்தும் 'பிரசென்ட் மேம்' வரும். ஒருத்தன் அன்னிக்குன்னு கட் அடிச்சிருந்தா இன்னும் சூப்பர்... இவன் குரல்லேயே அவனுக்கும் அட்டெண்டன்ஸ் விழுந்துடும். இந்தக் குழப்பத்துக்காகத்தானே 'எஸ். கார்த்திக்', 'ஆர். கார்த்திக்'னு பேருக்கு முன்னால ஒரு எழுத்தை மாட்டி வெச்சிருக்கோம்!

இதே கூத்து உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குள்ளேயும் நடக்கலாம். என்ன வித்தியாசம்னா, அங்கே குரல் கேட்காது. எர்ரர் வராது. ஸ்க்ரீன் பளிச்னு வேலை செய்யும். வைவாவுக்கு வர்ற எக்ஸ்டெர்னலே 'வெரி குட்' சொல்லிட்டுப் போயிடுவார். ஆனா உள்ளே ஆள் மாறியிருக்கும்!

எப்படின்னு பார்ப்போமா? டேட்டாபேஸ் பேப்பர்ல ஜாயின் படிச்சிருந்தா போதும். ஈ.சி.இ., மெக்கானிக்கல் மக்களும் தைரியமா உள்ளே வரலாம்.

ரத்தம் வேணும்... யாரைக் கூப்பிட?

ஒரு புராஜெக்ட்டை எடுத்துப்போம். உங்க காலேஜ்ல ரத்தம் கொடுக்கத் தயாரா இருக்கிறவங்களோட லிஸ்ட். ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தா, ரத்தப் பிரிவைத் தட்டினதும் யார் யாரைக் கூப்பிடலாம்னு ஸ்க்ரீன் காட்டணும். ரொம்பப் பேர் செய்யற புராஜெக்ட்தான். நல்ல புராஜெக்ட்டும்கூட.

இதுக்கு மூணு டேபிள் போதும். ஒண்ணு, மாணவர் டேபிள்: ஐடி, பேர், போன், ரத்தப் பிரிவு, எந்தத் துறை. ரெண்டாவது, துறை டேபிள்: ஐடி, துறைப் பேர். மூணாவது, தானம் டேபிள்: ஐடி, எந்த மாணவர், எந்தத் தேதி.

தேதி எதுக்கு? ஒரு தடவை ரத்தம் கொடுத்தவர் உடனே மறுபடி கொடுக்கக் கூடாது. நம்ம நாட்டு விதிப்படி ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடணும். அதனால யார் எப்போ கொடுத்தாங்கன்னு சரியா பதிவாகிறதுதான் இந்த புராஜெக்ட்டோட உயிர். இதை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

வாழை இலையும் டிபன் கேரியரும்

மூணு டேபிளையும் ஜாயின் போட்டு ஒரு கொயரி அனுப்பறீங்க. பதிலா என்ன வருது? வாழை இலைச் சாப்பாடு மாதிரி எல்லாமே ஒரே தட்டையான வரிசையில வருது. மாணவர் ஐடி, பேர், போன், பக்கத்திலேயே துறை ஐடி, துறைப் பேர்... எந்தப் பதார்த்தம் எந்தப் பாத்திரத்திலிருந்து வந்ததுன்னு இலையில எழுதியிருக்காது.

ஆனா உங்க புரோகிராமுக்கு வேண்டியது டிபன் கேரியர். மேல் அடுக்குல மாணவர், அடுத்த அடுக்குல துறை, கீழ் அடுக்குல தானங்கள். இந்த அடுக்குக்குத்தான் ஸ்ட்ரக்ட்னு பேர். ஃபர்ஸ்ட் இயர்ல 'சி'யில படிச்ச அதே ஸ்ட்ரக்ட்தான். இலையில இருக்கிறதை அள்ளி, சரியான அடுக்குல வைக்கிற வேலையைத்தான் 'மேப்பிங்'கிறாங்க.

இந்தத் தகராறு இன்னிக்கு நேத்து வந்ததில்லை. டேட்டாவை எல்லாம் டேபிள்களா வைக்கலாம்னு ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் கட்டுரை எழுதினது 1970-ல். அந்த வேலைக்காக 1981-ல் அவருக்கு டூரிங் விருது கிடைச்சது. அவர் உலகத்துல எல்லாமே தட்டைதான். புரோகிராம் எழுதறவங்க உலகத்துலயோ ஒண்ணுக்குள்ளே ஒண்ணு. இந்தப் பொருத்தமின்மைக்கு வெச்ச பேர் 'இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்'. ஆமாங்க, ட்ரிபிள் ஈ மக்கள் லேப்ல கஷ்டப்படற அதே இம்பீடன்ஸ்தான். அங்கிருந்து கடன் வாங்கின வார்த்தை!

கோ... ராஜா இல்லை, மாடும் இல்லை!

உதாரணத்துக்கு கோ மொழியை எடுத்துப்போம். தமிழ் மேடம்கிட்ட கேட்டா 'கோ'ன்னா அரசன், பசுன்னு ரெண்டு அர்த்தம் சொல்வாங்க. இது மூணாவது கோ. கூகுளில் ராபர்ட் க்ரீஸ்மெர், ராப் பைக், கென் தாம்ப்ஸன் மூணு பேரும் உருவாக்கி, 2009 நவம்பர்ல வெளியிட்ட புரோகிராமிங் மொழி. யூனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர்தான் இந்தத் தாம்ப்ஸன்.

கோ மொழியோட கூடவே டேட்டாபேஸுக்கான லைப்ரரியும் வருது. அதுல 'ஸ்கேன்'னு ஒரு ஃபங்க்ஷன். அது பேரைப் பார்க்காது, இடத்தை மட்டும்தான் பார்க்கும். முதல்ல வந்தது முதல் பெட்டிக்கு, ரெண்டாவது ரெண்டாவது பெட்டிக்கு. பன்னிரண்டு காலம் இருந்தா பன்னிரண்டு பெட்டியையும் அதே வரிசையில நீங்களே எழுதணும். (காலம்னா நேரம் இல்லீங்க, டேபிள்ல மேலிருந்து கீழே போகுமே, அந்தக் காலம்.) பேரும் போனும் இடம் மாறினா? ரெண்டுமே ஸ்ட்ரிங்காச்சே... முணுமுணுப்பு இல்லாம உள்ளே போயிடும்.

இந்தச் சலிப்புக்கு மருந்தா வந்ததுதான் எஸ்.க்யூ.எல்.எக்ஸ். லைப்ரரி. இது இடத்தை விட்டுட்டுப் பேரைப் பார்க்கும். ஸ்ட்ரக்ட்ல ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்ன சீட்டு ஒட்டி வெக்கறோம். அதுக்கு டேக்னு பேர். கொயரியிலிருந்து வர்ற காலத்தோட பேரும் சீட்டுல இருக்கிற பேரும் ஒண்ணா இருந்தா, அதுவே எடுத்து உள்ளே வெச்சுடும். ஒரே வரியில மொத்த லிஸ்ட்டும் ஸ்ட்ரக்ட்டா கைக்கு வந்துடும். ஜாலிதானே?

ஜாலிதான்... ரெண்டு கார்த்திக் வர்ற வரைக்கும்!

சத்தம் போடாத தப்பு

இப்போ 'மாணவர்' ஸ்ட்ரக்டையும் 'துறை' ஸ்ட்ரக்டையும் சேர்த்து 'டோனர்'னு ஒரு பெரிய ஸ்ட்ரக்டுக்குள்ளே வெக்கறீங்க. கொயரியில சோம்பேறித்தனமா நட்சத்திரக் குறி போட்டு, 'எல்லா காலமும் கொடு'ன்னு கேட்கறீங்க. மாணவர் டேபிள்லயும் 'ஐடி' இருக்கு, துறை டேபிள்லயும் 'ஐடி' இருக்கு. பதில்ல ரெண்டு 'ஐடி' வரும். எது எந்த டேபிளோடதுன்னு டேபிள் பேர் கூட வராது. வெறும் 'ஐடி', வெறும் 'ஐடி'. இனிஷியல் இல்லாத ரெண்டு கார்த்திக்!

லைப்ரரி என்ன பண்ணும்? 'ஐடி'ங்கிற பேர்ல முதல்ல கண்ணுல பட்ட பெட்டியைத் தேடும். அது மாணவர் ஐடி. முதல் ஐடி வந்ததும் அதுல போடும். ரெண்டாவது ஐடி வந்ததும்... அதே பெட்டியில போடும்! பழசு அழிஞ்சு போச்சு. துறையோட ஐடி பெட்டி 0-ன்னு காலியா உட்கார்ந்திருக்கும்.

214-ம் நம்பர் மாணவர் மெக்கானிக்கல். மெக்கானிக்கல் துறையோட ஐடி 3. ஸ்க்ரீன்ல அவர் பேர் சரி, போன் சரி, ரத்தப் பிரிவு சரி, துறையும் சரி. உள்ளே மறைஞ்சிருக்கிற ஐடி மட்டும் 214-க்குப் பதில் 3.

அவரைக் கூப்பிடறீங்க. வர்றார், ரத்தம் கொடுக்கறார். நீங்க பெருமையா 'தானம் செய்தார்' பட்டனை அமுக்கறீங்க. தானம் டேபிள்ல யார் பேருக்குப் பதிவாகும்? 3-ம் நம்பர் மாணவர் பேருக்கு! அடுத்த நாள் இன்னொரு மெக்கானிக்கல் ஆள் கொடுத்தாலும் 3-ம் நம்பருக்கே. ஒரே வாரத்துல அந்த ஆள் அஞ்சு தடவை ரத்தம் கொடுத்த கர்ணன் ஆயிடுவார். பாவம், அவருக்கே தெரியாது!

சிரிச்சாச்சா? இப்போ கொஞ்சம் சீரியஸா யோசிங்க. போன வாரம் ரத்தம் கொடுத்த 214-க்கு மறுபடி போன் போகும். ஒண்ணுமே கொடுக்காத 3-ம் நம்பர், மூணு மாசத்துக்கு லிஸ்ட்லயே வர மாட்டார். ரத்த வங்கியில கேள்வி கேட்டு, பரிசோதிச்சுத்தான் எடுப்பாங்க, அதனால தப்பான ஆள்கிட்ட எடுத்துட மாட்டாங்கன்னு நம்பலாம். ஆனா, ராத்திரி பதினோரு மணிக்கு அவரை வரவழைச்சு, 'முடியாது'ன்னு திருப்பி அனுப்பி, அடுத்த ஆளைத் தேடற அந்த ஒரு மணி நேரம்? வார்டு வாசல்ல நிக்கறவங்களுக்கு அது ரொம்பப் பெரிய நேரம் பாஸ்.

'நான் கோ பக்கமே போறதில்லை, பி.ஹெச்.பி.தான்'னு தப்பிக்கப் பார்க்காதீங்க. அங்கேயும் மைசீக்வல் பதிலை அசோசியேட்டிவ் அர்ரேவா எடுத்தா, ஒரே பேர்ல ரெண்டு காலம் இருந்தால் கடைசியா வந்ததுதான் நிக்கும். அவங்க மேனுவல்லயே பளிச்னு எழுதியிருக்காங்க. எத்தனை பேர் மேனுவல் படிக்கறோம்?

மருந்து: இனிஷியல் மாட்டுங்க

தீர்வு ரொம்ப சிம்பிள். நட்சத்திரக் குறியைத் தூக்கிப் போடுங்க. வேணுங்கிற காலங்களை ஒவ்வொண்ணா எழுதுங்க. ஒரே பேர் வர்ற இடத்துல 'ஆஸ்' போட்டு இனிஷியல் மாட்டுங்க.

டோனர் ஸ்ட்ரக்டுக்குள்ளே துறையை வெக்கும்போது அதுக்கு 'துறை'ன்னு ஒரு டேக் ஒட்டுங்க. கொயரியில துறையோட ஐடியை 'துறை புள்ளி ஐடி'ங்கிற பேர்ல கேளுங்க. எஸ்.க்யூ.எல்.எக்ஸ். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் 'ஓ, துறை அடுக்குக்குள்ளே இருக்கிற ஐடி'ன்னு புரிஞ்சுக்கும். (பேர்ல புள்ளி இருக்கிறதால போஸ்ட்கிரஸ்ல இரட்டை மேற்கோள் குறிக்குள்ளே போடணும். மைசீக்வல்ல பேக்டிக் குறி.) அவ்வளவுதான். எஸ். கார்த்திக் எஸ். கார்த்திக்காவும், ஆர். கார்த்திக் ஆர். கார்த்திக்காவும் ஆயாச்சு.

இன்னொரு நல்ல விஷயம். கொயரியில வர்ற ஒரு காலத்துக்கு ஸ்ட்ரக்ட்ல பெட்டியே இல்லைன்னா, இந்த லைப்ரரி எர்ரர் கொடுத்து நின்னுடும். 'தொல்லை'ன்னு நினைச்சு அதை அணைச்சு வெக்கறதுக்கு ஒரு வழியும் இருக்கு. அந்த வழிக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் என்ன தெரியுமா? 'அன்சேஃப்'! பேர்லயே சொல்லிட்டாங்க. எர்ரர் காட்டிக் கொடுக்கிற எதிரின்னு நினைக்காதீங்க, பரீட்சை ஹாலுக்குள்ளே போறதுக்கு முன்னாடியே 'டேய், ஹால் டிக்கெட்டை மறந்துட்டே'ன்னு கத்தற ஃப்ரெண்ட் அது.

முதல் தடவை கொடுக்க வந்தவர் எங்கே?

அடுத்த வில்லன், நல். 'நல்ல'வன்னு நினைச்சுடாதீங்க. டேட்டாபேஸ்ல நல்னா 'இங்கே மதிப்பே இல்லை'.

மாணவரையும் தானத்தையும் சாதா ஜாயின் போட்டா, ரெண்டு பக்கமும் இருக்கிறவங்க மட்டும்தான் வருவாங்க. இதுவரை ஒரு தடவைகூட ரத்தம் கொடுக்காதவருக்குத் தானம் டேபிள்ல வரியே கிடையாது. அதனால அவர் லிஸ்ட்லேயே வர மாட்டார். போன மாசம்தான் பதினெட்டு வயசு முடிஞ்சு, ஆசையா பேர் கொடுத்த ஃபர்ஸ்ட் இயர் பையன் காணாமப் போயிடுவான். அரிதான ரத்தப் பிரிவா இருந்தா இன்னும் மோசம்.

அதனாலதான் லெஃப்ட் ஜாயின். மாணவர் கட்டாயம் வருவார், தானம் இல்லைன்னா தேதியில நல் வரும். இப்போ கோ மொழியில ஒரு முட்டுக்கட்டை. அதோட தேதி டைப்புக்கு நல் வாங்கத் தெரியாது. ஸ்ட்ரிங்குக்கும் தெரியாது. உடனே எர்ரர்!

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கற இடம். எர்ரரைப் பார்த்த பதற்றத்துல லெஃப்ட் ஜாயினைச் சாதா ஜாயினா மாத்திட்டா எர்ரர் போயிடும். கூடவே அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனும் போயிடுவான்! எர்ரர் போனதைத்தான் நாம பார்ப்போம், பையன் போனதைப் பார்க்க மாட்டோம்.

சரியான வழி, நல் வாங்கத் தெரிஞ்ச பெட்டியை வெக்கறது. 2019-ல் வந்த கோ 1.13-லேயே 'நல் டைம்'னு ஒரு டைப் கொடுத்துட்டாங்க. அதுக்குள்ளே ஒரு தேதி, பக்கத்துல 'இது நிஜமான தேதிதானா'ன்னு சொல்ற ஒரு ஆம்/இல்லை. 2024 பிப்ரவரியில வந்த கோ 1.22-ல் எந்த டைப்புக்கும் பொருந்தற பொதுவான 'நல்' வந்தாச்சு. தேதிக்குப் பாயின்ட்டர் வெச்சாலும் வேலை நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கிற முழு ஸ்ட்ரக்டுக்கு மட்டும் பாயின்ட்டர் வெச்சா எஸ்.க்யூ.எல்.எக்ஸ்.ஸில் தப்பிக்க முடியாது. அது முதல்ல ஸ்ட்ரக்டை உருவாக்கிட்டுத்தான் உள்ளே மதிப்பைப் போடப் பார்க்கும். அப்போ மறுபடி அதே எர்ரர். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் நல் வாங்கத் தெரியணும்.

'நல் வந்தா 1900-ம் வருஷம்னு ஒரு தேதியைப் போட்டுடலாமே'ன்னு ஐடியா வருதா? வேண்டாம். 'இன்னும் கொடுத்ததில்லை'ங்கிறது வேற, '1900-ல் கொடுத்தார்'ங்கிறது வேற. நாளைக்கு வேற யாராவது உங்க டேட்டாவை எடுத்து ரிப்போர்ட் போட்டா, காலேஜே கட்டறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுத்த மாணவர்கள் லிஸ்ட் வரும்!

ஒரே ஆள் நாலு தடவை

மூணாவது மேட்டர். நாலு தடவை ரத்தம் கொடுத்த ஒருத்தருக்கு ஜாயின்ல நாலு வரிசை வரும். அப்படியே ஸ்ட்ரக்டுக்கு மாத்தினா ஸ்க்ரீன்ல நாலு ஆள். 'ஆஹா, நிறைய டோனர் இருக்காங்களே'ன்னு ஏமாறுவீங்க.

கடைசித் தேதி மட்டும் போதும்னா, மாணவர்வாரியா குரூப் பண்ணி, பெரிய தேதியை டேட்டாபேஸையே எடுத்துத் தரச் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு வரிசைதான் வரும். முழு வரலாறும் வேணும்னா, ஒரு மேப்ல மாணவர் ஐடியைச் சாவியா வெச்சு, அதே ஐடி மறுபடி வந்தா புது ஆள் சேர்க்காம, தானத்தை மட்டும் பழைய ஆளோட அடுக்குல சேருங்க. கோ மொழி மேப்ல எடுக்கும்போது வரிசை நிச்சயமில்லை. அதனால வரிசையைத் தனியா ஒரு ஸ்லைஸ்ல வெச்சுக்குங்க.

இதுக்கும் சோம்பல்பட்டு, 'முதல்ல 300 மாணவர்களை எடுப்போம், அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொயரி'ன்னு லூப் போட்டா? மொத்தம் 301 கொயரி! மெஸ்ல முன்னூறு இட்லியை முன்னூறு தடவை நடந்து போய் வாங்கற மாதிரி. இதுக்குப் பதிலா ரெண்டே கொயரி போதும். ஒண்ணுல மாணவர்கள், இன்னொண்ணுல அவங்க எல்லாரோட தானங்களும். ஐடி லிஸ்ட்டைக் கொயரிக்குள்ளே விரிச்சுப் போட எஸ்.க்யூ.எல்.எக்ஸ்.ஸில் 'இன்'னு ஒரு ஃபங்க்ஷன் இருக்கு. கோர்ம்ங்கிற பெரிய லைப்ரரியில 'ப்ரீலோட்' போட்டாலும், அது பின்னாடி தனிக் கொயரிதான் அனுப்புது. மந்திரம் ஒண்ணும் கிடையாது.

டெமோவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

* ஜாயின்ல நட்சத்திரக் குறி போடாதீங்க. காலம் பேர் எழுதச் சோம்பல்படாதீங்க.

* டெஸ்ட் டேட்டாவுல மாணவர் ஐடியும் துறை ஐடியும் ஒண்ணாவே இருந்தா (1-ம் மாணவர், 1-ம் துறை) ஆள் மாறினாலும் தெரியாது. மாணவர்களை 1001-லிருந்தும், துறைகளை 1-லிருந்தும் ஆரம்பிங்க.

* தானம் டேபிள்ல ஃபாரின் கீ கட்டாயம். 1001-லிருந்து ஆரம்பிச்சிருந்தா, '3-ம் நம்பர் மாணவரே கிடையாது'ன்னு டேட்டாபேஸே தடுத்துடும். சத்தம் போடாத தப்பு, சத்தம் போடற தப்பா மாறிடும்.

* டெஸ்ட்ல மூணு பேரைக் கட்டாயம் வெச்சுக்குங்க: ஒரு தடவையும் கொடுக்காதவர், ஒரு தடவை கொடுத்தவர், பல தடவை கொடுத்தவர். மூணு பேரும் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு தடவைதான் வரணும்.

* ஸ்க்ரீன் அழகா இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. பட்டனை அமுக்கினதுக்கு அப்புறம் டேபிளைத் திறந்து, யார் பேர்ல விழுந்திருக்குன்னு பாருங்க.

ஒரு விஷயம் மட்டும் கடைசியா. லைப்ரரி பேரைப் பொருத்தும், டைப்பைச் சரிபார்க்கும், உங்க டைப்பிங் வேலையை மிச்சம் பண்ணும். ஆனா, 'இந்த 3 ஒரு துறை, அந்த 214 ஒரு மனுஷர்'ங்கிறது அதுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்க கொயரியில எழுதினாத்தான் உண்டு.

இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல சீட்டுக் கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க புராஜெக்ட்டைத் திறந்து, ஜாயின் இருக்கிற ஒவ்வொரு கொயரியையும் ஒரு தடவை தேடிப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. நட்சத்திரக் குறி சிக்கினா, உடனே இனிஷியல் மாட்டிடுங்க. வைவாவுக்கு ஆல் தி பெஸ்ட்!